ஆல்டர்மியர் யாரையும் நிராகரிப்பதில்லை

ஆல்டர்மியர் பல்கலைக்கழகம் யாரையும் நிராகரிப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களே என் முகத்துக்கு நேரே சொன்ன விஷயம் இது. விண்ணப்பிக்கிறவர்களில் சிலருக்கு இடம் தருவார்கள். மற்றவர்களை ‘வேறிடத்தில் மலரும்படி’ கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். முந்தைய வருடத்தைவிட அதிகம் பேரை மலர அனுப்பிவிட்டால் வளாகத்து மணிக்கூண்டில் மணி அடித்துக் கொண்டாடுவார்கள். கால்வாய்க்கு இந்தப் பக்கம் டிரெய்லர் வீடுகளில் இருக்கும் எங்களுக்கும் அது கேட்கும். மணி அடித்தால் எங்கள் வரிசையில் யார் வீட்டிலோ ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

என் அக்கா மகள் யாரெலி பள்ளி முடித்த வருடம் மணி வெகுநேரம் அடித்தது.

அவள் கணக்கில் புலி. அணை கட்டவும் பாலம் கட்டவும் படிக்க வேண்டும் என்று ஆசை. வேறு மூன்று பல்கலைக்கழகங்கள் அவளை வா வா என்று கூப்பிட்டன. ஆனால் எல்லாமே மலைக்கு அந்தப் பக்கம், கடற்கரையோரம். அவளால் போக முடியாது. அவள் அப்பா எஃப்ரையினுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று விடியற்காலை அவரை டயாலிசிஸ் நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விட வேண்டும். என் அக்கா இப்போது இல்லை. நானோ பால் டாங்கர் ஓட்டுகிறவன். அந்த நேரத்தில் ஏதாவது ஒரு மாட்டுப் பண்ணை வாசலில் நிற்பேன். யாரெலியை விட்டால் வேறு ஆள் கிடையாது.

எஃப்ரையின் ஆயுள் முழுக்கப் பாதாம் தோட்டத்துக்கும் தக்காளி வயலுக்கும் தண்ணீர் பாய்ச்சினவர். இப்போது பாதாமும் கூடாது, தக்காளியும் கூடாது, தண்ணீரும் அளந்துதான். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார். தன்னால்தான் மகள் படிக்கப் போகவில்லை என்று தெரிந்த அன்றைக்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது.

“என் ஒடம்புக்காக நீ படிப்ப விடுவேன்னா, எனக்கு அந்த மிஷினே வேணாம் மிஹா,” என்றார்; மகளை அவர் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார். அப்படியே அந்த வாரம் போகவும் இல்லை. ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் மூச்சுத் திணறிக் கிடந்தபோது யாரெலி ஒரு சத்தியம் செய்தாள். எப்படியாவது ஆல்டர்மியரில் சேர்ந்து, வீட்டிலிருந்தபடியே படித்துக் காட்டுவதாக. அதை நம்பித்தான் அவர் மறுபடியும் மிஷினில் உட்கார்ந்தார்.

அதனால் அவள் டெல் ரோப்லே கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். அங்கே மூச்சு விடுகிற யாரும் சேரலாம். முதல் இரண்டு வருடப் பாடங்களை இங்கே முடித்தால் மூன்றாம் வருடத்துக்கு ஆல்டர்மியருக்கு மாறிவிடலாம். அதற்கு ‘உறுதிப் பாதை’ என்று பெயர். அந்தப் பாதையில் ஒருவர் ஒருமுறைதான் நடக்கலாம். கேட்டிருக்கிற பாடங்களையெல்லாம் முடித்திருக்க வேண்டும், வேறு தடை கிடையாது.

ஒரே ஒரு பாடத்தைத் தவிர எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். வகைக்கெழுச் சமன்பாடுகள் என்கிற அந்த ஒன்றை டெல் ரோப்லேயில் ஒவ்வொரு பருவமும் அறிவிப்பார்கள், ஒவ்வொரு பருவமும் ரத்து செய்வார்கள்.

“இருபது பேர் இருந்தாத்தான் வகுப்பு நடக்கும்மா,” என்றார் ஆலோசகர் திருமதி ஃபென்விக். “நீங்க ஒம்போது பேர்தான் இருக்கீங்க.”

“போன தடவையும் இதத்தானே மேடம் சொன்னீங்க?”

“போன தடவ ஆள் சேரல. அதுக்கு முந்தின தடவ ரத்தானதப் பாத்து எல்லாரும் பயந்துட்டாங்க.”

“அப்போ அந்தப் பாடத்த நான் எப்பத்தான் முடிக்கிறது?”

திருமதி ஃபென்விக் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பிரியமாகப் பார்த்தார். “எவ்வளவு ஆழமான கேள்வி! இப்படிக் கேக்கற பிள்ளைங்களத்தாம்மா ஆல்டர்மியர் தேடிக்கிட்டிருக்கு.”

எனக்கு வந்த கோபத்துக்கு டாங்கரைக் கொண்டுவந்து அந்த அலுவலகத்தில் பாலைத் திறந்துவிட்டிருப்பேன். யாரெலி அப்படிப்பட்ட ஆள் இல்லை. வீட்டுக்கு வந்தாள், முகம் கழுவினாள், ஆள் பிடிக்கக் கிளம்பினாள்.

முதலில் பிடிபட்டது நான். அடுத்தது அவள் அப்பா. பிறகு டயாலிசிஸ் நர்ஸ் சொகோரோ, சர்ச்சில் பாடுகிற அம்மாமார்கள், என்னோடு டாங்கர் ஓட்டும் இரண்டு பேர். காலேஜ் தலை எண்ணும் நாள் வரை வகுப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு, அதற்குப் பிறகு பெயரை நீக்கிக்கொள்ள வேண்டும். இதுதான் திட்டம். முந்தைய கணக்குப் பாடங்களைப் படித்திருக்க வேண்டுமே என்று நான் பயந்தேன். ‘அதற்குச் சமமான வாழ்க்கை அனுபவம் உண்டு’ என்று ஒரு கட்டம் இருந்தது. வாழ்க்கை அனுபவத்துக்கு எங்களிடம் என்ன குறைச்சல்? எல்லோரும் டிக் அடித்தோம்.

முதல் நாள் மாலை பேராசிரியர் ஹாரூட் தெர்ஸியான் டையில் ரொட்டித் துணுக்குகளோடு உள்ளே வந்தார். பகலெல்லாம் ஆல்டர்மியரில் பாடம் நடத்திவிட்டு, வழியில் காரிலேயே சாப்பிட்டுக்கொண்டு, மாலையில் டெல் ரோப்லேயில் பாடம் நடத்துகிறவர் அவர். நிறைந்திருந்த வகுப்பைப் பார்த்ததும் வெளியே போய் அறை எண்ணைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“நீங்க எல்லாரும் எனக்கா வந்திருக்கீங்க?” என்றார்.

நன்றாகத்தான் நடத்தினார். கொஞ்ச நேரத்தில் எஃப்ரையின் தூங்கிவிட்டார். பாட்டு அம்மாமார்கள் அவரைத் தொடர்ந்தார்கள். யாரெலி சங்கடத்தோடு மன்னிப்புக் கேட்டாள்.

“பரவாயில்லம்மா,” என்றார் தெர்ஸியான். “ஆல்டர்மியர்லயும் இப்படித்தான் தூங்குறாங்க. என்ன, அங்க கட்டணம் ஜாஸ்தி.”

தலை எண்ணி முடிந்ததும் எல்லோரும் நழுவினார்கள். நான் மட்டும் மறந்துபோனேன். பெயரை நீக்க வேண்டிய கடைசி நாளில் டயர் வெடித்து நெடுஞ்சாலையில் நின்றேன். வகைக்கெழுச் சமன்பாடுகளில் நான் தோற்றுப்போனதாக இன்றைக்கும் டெல் ரோப்லே பதிவில் இருக்கிறது. யாரெலி வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள்.

அதற்குப் பிறகுதான் ப்ரூக் ஹாலிஸ்டர் என்கிற அம்மாள் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார். ஆல்டர்மியரில் ‘சேர்க்கை அனுபவத்துக்கான இணைத் துணைத் தலைவர்’ என்பது அவர் பதவி. நல்ல பல் வரிசை. எது சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார்.

“உங்க மதிப்பெண் பிரமாதம்,” என்றார். “ஆனா டெல் ரோப்லேல நீங்க படிச்ச வகுப்பும் எங்க வகுப்பும் சமமான்னு பாக்கணும். எங்ககிட்ட ஒரு சூழல் இருக்கு. புல்வெளி இருக்கு. அதெல்லாம் கணக்குல கலந்துடும்.”

சமமா என்று சொல்ல ஆல்டர்மியரில் அந்தப் பாடத்துக்கு வல்லுநர் ஒருவர் இருந்தார். ஆளனுப்பினார்கள். தெர்ஸியான் வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு இடத்துலயும் பாடம் ஒண்ணுதானா, பேராசிரியரே?”

“புத்தகம் ஒண்ணு. பரீட்சைத் தாளும் ஒண்ணு. தேதிய மட்டும் மாத்துவேன்.”

“அங்க நடத்தற ஆசிரியரோட தரம்?”

“அங்கயும் நான்தாங்க நடத்தறேன்.”

“அது எனக்கும் தெரியும். ஒரு வல்லுநரா கேக்கறேன். அந்த ஆள நீங்க எப்படி மதிப்பிடுவீங்க?”

தெர்ஸியான் சற்று யோசித்தார். “நல்ல மனுஷன். ஆனா வரும்போதே களைச்சுப்போய் வருவாரு.”

“எதனால களைப்பு?”

“பகல் பூரா இங்க பாடம் நடத்தறாரில்ல.”

ஹாலிஸ்டர் இதைக் குறித்துக்கொண்டார். “அப்போ, இங்க இருக்கறவர் அவர விட மேல்?”

“காலையிலன்னா... ஆமா.”

“சார்!” என்று யாரெலி எழுந்துவிட்டாள்.

“மன்னிச்சுக்கம்மா,” என்றார் அவர், அவளைப் பார்க்காமல். “எனக்கு இங்கயும் பருவத்துக்குப் பருவம்தான் வேலை, அங்கயும் அப்படித்தான். எங்க ரெண்டு பேரையும் நான் காப்பாத்தியாகணும்.”

ஒருவழியாக ‘நிபந்தனையுடன் சமம்’ என்று தீர்ப்பானது. ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனை. தலைப்பு: ‘எங்கள் முந்தைய முடிவு உங்களை எவ்வாறு வளர்த்தது?’

வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு, வேண்டாம் என்று சொன்னதற்காக நன்றி சொல்ல வேண்டும். யாரெலி எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். ஒருநாள் சமையல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, “என்னால முடியல மாமா, ஒவ்வொரு வரியும் பொய்யா வருது” என்று அழுதாள். அந்தப் பெண் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

“இதுல என்ன மிஹா கஷ்டம்?” என்றார் எஃப்ரையின், வாயில் ஒரு ஐஸ் துண்டை உருட்டியபடி. “தோட்ட முதலாளி கூலியக் கொறச்சப்ப நாங்க எத்தன தடவ நன்றி சொல்லியிருக்கோம்! தொப்பியக் கழட்டணும், தரையப் பாக்கணும். வாய் தானா சொல்லிடும்.”

எழுதியதை எடுத்துக்கொண்டு ஹாலிஸ்டரிடம் போனாள். டெல் ரோப்லே வளாகத்தில் ஆல்டர்மியர்காரர்கள் நீல விரிப்பு போட்டு மேசை வைத்திருந்தார்கள், ஆளுக்கொரு பேனா இலவசம். நானும் கூடப் போய் ஒரு பேனா வாங்கிக்கொண்டேன். ஹாலிஸ்டர் கட்டுரையை நின்றபடியே படித்தார்.

“நல்லா இருக்கு. ஆனா கஷ்டம் பத்தல. இந்த டயாலிசிஸ் இருக்கு பாருங்க, ரொம்ப அருமை. இத ஏன் நடுவுல ஒளிச்சு வச்சீங்க? மொதப் பத்திக்குக் கொண்டுவாங்க.” தலையைச் சாய்த்தார். “அப்பா இன்னும் இருக்காரா?”

“இருக்காரு.”

“ஓ,” என்றார் ஹாலிஸ்டர். உடனே சுதாரித்துக்கொண்டார். “சந்தோஷம்! ரொம்ப சந்தோஷம். இருந்தாலும் அதுக்கேத்த மாதிரி எழுதிடலாம்.”

பிறகு அவளை மேசைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்தார்கள். “சிரிங்க. அவ்வளவு வேண்டாம். நம்பிக்கை தெரியணும், ஆனா உங்களுக்கு இன்னும் நாங்க தேவைங்கறதும் தெரியணும்.” அவள் எப்படிச் சிரித்தாளோ தெரியாது, எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

விண்ணப்பம் போனது. முடிவுக்காகக் காத்திருந்தோம். முடிவு வருவதற்கு முன்னால் பலகை வந்தது.

தொண்ணூற்றொன்பதாம் நெடுஞ்சாலையில், டயாலிசிஸ் நிலையத்துக்குத் திரும்பும் இடத்தில், வீடு உயரத்துக்கு யாரெலியின் முகம். ‘தாமதமாக வந்தாலும் இது உங்கள் வீடு. யாரெலி, ஆல்டர்மியர் மாணவி.’ டாங்கரிலிருந்து நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்த வேகத்தில் பக்கத்துத் தடத்துக்குப் போய்விட்டேன், பின்னால் வந்தவன் என் அம்மாவைத் திட்டினான்.

அன்றிலிருந்து வீடு கல்யாண வீடாகிவிட்டது. சர்ச்சில் அம்மாமார்கள் அவளுக்காகத் தனியாக ஒரு பாட்டுப் பாடினார்கள். சொகோரோ மிஷினைச் சுற்றிப் பலூன் கட்டினாள். அங்கே ஊசியோடு படுத்திருந்தவர்களெல்லாம் எஃப்ரையினைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்கள். பலகையைத் தாண்டும்போதெல்லாம் அவர் காருக்குள் தொப்பியைக் கழற்றுவார்.

“அப்பா, இன்னும் முடிவு வரலப்பா,” என்று யாரெலி கெஞ்சினாள். “யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“நான் எங்க சொன்னேன்? ரோட்டுல எழுதி வச்சிருக்கு. பலகையே வச்சுட்டாங்க, இதுக்கு மேல என்ன முடிவு வேணும் உனக்கு?”

மணிக்கொரு தடவை அவள் கைபேசியைத் திறந்து பார்த்தாள். ‘பரிசீலனையில்’ என்றே இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை, கன்னம் ஒட்டிப்போனது. பலகையில் இருக்கிற பெண் புஷ்டியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் மணி அடித்தது. முன்னெப்போதும் இல்லாத மணி. நான் டாங்கரைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். யாரெலி வீட்டு வாசலில் காருக்குள், கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கைபேசியை என்னிடம் நீட்டினாள். ‘வேறிடத்தில் மலரும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.’ வார்த்தைக்கு வார்த்தை பழைய கடிதம்தான். ‘மீண்டும்’ மட்டும் புதிது.

“அப்பாகிட்ட சொல்லாதீங்க மாமா,” என்றாள். “அவரு மிஷினுக்கு வர மாட்டாரு. செத்துடுவாரு மாமா.”

மறுநாள் ஹாலிஸ்டரைப் பார்க்கப் போனோம். எஃப்ரையின் தானும் வருவேன் என்று பிடிவாதமாகக் காரில் ஏறிக்கொண்டார், மகள் படிக்கப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டுமாம். வாசல் காவலாளி அனுமதிச் சீட்டு கேட்க வந்தான், யாரெலியைப் பார்த்தான், சல்யூட் வைத்துத் தடுப்பைத் தூக்கினான். எஃப்ரையின் பூரித்துப்போனார். அவரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் மேலே போனோம்.

“யாரெலி!” என்று ஹாலிஸ்டர் இரண்டு கையையும் விரித்தார். “நேர்லயும் பலகையில இருக்கற மாதிரியே இருக்கீங்களே!”

“எனக்கு இடம் கிடைக்கல மேடம்.”

“தெரியும். ஆனா நாங்க யாரையும் நிராகரிக்கறதில்ல.”

“என் படத்தப் போட்டு மாணவின்னு எழுதியிருக்கீங்க.”

“படம் விளம்பரத் துறை வேல. முடிவு சேர்க்கைத் துறை வேல. ரெண்டு துறையும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறதே கெடையாது. அதுதான் எங்க நேர்மை.”

“அப்போ அந்தப் பலகைய எடுத்துடுங்க,” என்றேன் நான்.

“எப்படிங்க எடுக்கறது? அத மாதிரி ஒரு பலகைய நாங்க வச்சதே இல்ல. அதப் பாத்துட்டு விண்ணப்பங்க ரெண்டு மடங்கா வந்து குவிஞ்சுது. அதனாலதான் இந்த வருஷம் இவங்களுக்கே இடமில்லாமப் போச்சு.” இதை அவர் பெருமையாகவே சொன்னார்.

யாரெலி மேசையைப் பிடித்துக்கொண்டாள். “மறுபரிசீலனை பண்ணுங்க மேடம். ஒரே ஒரு தடவ.”

ஹாலிஸ்டர் கணினியைத் திருப்பி எதையோ பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது, பிறகு வாடியது. “பண்ணலாம்தான். ஆனா பாருங்க, கம்யூனிட்டி காலேஜ்லேருந்து வந்து சேந்தவங்க கணக்குல உங்கள ஏற்கெனவே சேத்தாச்சு. பலகையில இருக்கறதால எண்ணிட்டாங்க. அரசாங்கத்துக்கும் அனுப்பியாச்சு. இப்போ நெஜமாவே சேத்தா, ஒரே ஆள ரெண்டு தடவ எண்ணினதா ஆயிடும். அது மோசடி இல்லையா?”

எனக்குப் படிப்பில்லை. ஆனாலும் ஒரு வழி தெரிந்தது. “அம்மா, அப்போ மொதத் தடவ எண்ணினீங்களே, அதையே நெஜமாக்கிடுங்களேன்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அது போன நிதியாண்டுங்க.”

அப்போதுதான் யாரெலி உடைந்தாள். அவள் அப்படிக் கெஞ்சி நான் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை. “எனக்கு இடம் இல்லன்னு தெரிஞ்சா எங்கப்பா டயாலிசிஸ நிறுத்திடுவாரு மேடம். ஒரு தடவ நிறுத்தினாரு. சாகக் கிடந்தாரு. இங்க படிக்கறேன்னு சத்தியம் பண்ணித்தான் அவர உயிரோட வச்சிருக்கேன். கீழ கார்லதான் இருக்காரு. நான் போய் என்ன சொல்றது?”

ஹாலிஸ்டரின் கண்கள் கலங்கின. நிஜமாகவே கலங்கின, அதில் நடிப்பில்லை. கண்ணை ஒற்றிக்கொண்டு அவள் கையைப் பிடித்தார்.

“அடடா யாரெலி, இத ஏம்மா கட்டுரையில எழுதல?”

படியிறங்கினோம். அந்த அம்மாளை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. கேட்டு என்ன ஆகப்போகிறது? யாரெலி கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

எஃப்ரையின் கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வெயிலில் காலை நீட்டிப் புல்வெளியை ரசித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பாய்ச்சத் தெரியாமல் வீணடிக்கிறார்கள் என்றார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

“என்ன சொன்னாங்க?”

யாரெலி சாவியைத் திருகினாள். வண்டி கிளம்பவில்லை. மறுபடி திருகினாள்.

“ஏற்கெனவே சேத்தாச்சாம்ப்பா. இன்னொரு தடவ சேக்க முடியாதாம்.”

“அதத்தானே நான் அப்பலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்?” எஃப்ரையின் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். “சரி, நாளைக்கு மிஷினுக்கு நேரத்தோட கெளம்பணும், போன தடவ மாதிரி தூங்கிடாத. வகுப்பு எப்ப ஆரம்பம்?”

“திங்கக்கெழமப்பா,” என்றாள் யாரெலி.